சௌவின் இரவும் டாரட் அட்டைகளும்: இறந்தோரை நினைக்கும் பருவத்தில் ஒரு சீட்டுக்கட்டு எதைத் தர முடியும்?

அக்டோபர் 31 அன்று மாலை அயர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் சிறுவர்கள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் ஹாலோவீன் கொண்டாட்டம் நடைபெறுகிறது. அதே மாலையில், அதே நாடுகளில் வேறு சிலர் வீட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, மறைந்த உறவினரின் புகைப்படத்தை எதிரில் வைத்து, 78 அட்டைகள் கொண்ட டாரட் கட்டைக் கலைத்து அமர்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை அந்த இரவின் பெயர் 'சௌவின்'. எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'சம்ஹைன்' என்று தோன்றினாலும், ஐரிஷ் மொழியில் இச்சொல்லின் ஒலிப்பு ஏறத்தாழ 'சௌவின்' என்பதாகும்.

இந்த இரவில் டாரட் பார்ப்பது பண்டைய கெல்டிய மக்களிடமிருந்து வழிவழியாக வந்த வழக்கம் என்ற கூற்று பரவலாக உள்ளது. ஆனால் வரலாற்றுச் சான்றுகள் வேறு விதமாக உள்ளன. பருவம் பழையது, அட்டைகள் அதற்கு வெகுகாலத்துக்குப் பின் வந்தவை, இரண்டும் கைகோத்தது கடந்த நூற்றாண்டில்தான். அண்மையில் ஓர் உறவை இழந்தவர் இந்த அட்டைகளின் முன் அமரும்போது, அவற்றால் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்று அறிந்திருப்பது அவருடைய மன அமைதியையும், பல நேரங்களில் அவருடைய சேமிப்பையும் காக்கும். அதனால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

சௌவின் என்பது என்ன?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு ஆகிய பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் குறிக்கும் விழா இது. அக்டோபர் 31 அன்று பொழுது சாய்ந்ததும் தொடங்கி நவம்பர் 1 வரை நீடிக்கிறது. கோடைக்கால மேய்ச்சல் நிலங்களிலிருந்து கால்நடைகள் தாழ்நிலங்களுக்கு ஓட்டி வரப்படும். குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் காக்க இயலாத கால்நடைகள் உணவுக்காக வெட்டப்படும். குன்றுகளில் பெருந்தீ மூட்டப்படும். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்தின் பெயரே இன்றும் சௌவின்தான்.

9ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்ட ஐரிஷ் கதைகளில் இந்த இரவு திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. மண்மேடுகளுக்குள் வாழும் மாய உலகத்தினரின் வாயில்கள் அன்று திறக்கும் என்பது அக்கதைகளின் நம்பிக்கை. மீத் மாவட்டத்தில் உள்ள த்லாக்ட்கா குன்றில் சௌவின் இரவில் ட்ரூயிட் குருமார் தீ வளர்த்ததாக 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதியுள்ளார். அருகிலுள்ள தாரா குன்றில் சுமார் 5,000 ஆண்டுகள் பழைமையான கற்காலக் கல்லறை ஒன்று உள்ளது. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் உதயசூரியனின் ஒளி அதன் உட்பாதையில் விழுகிறது. அக்கல்லறையைக் கட்டியவர்கள் இதே விழாவைக் கொண்டாடினர் என்பதற்கு இது சான்றாகாது. எனினும், ஆண்டின் இந்தத் திருப்பத்தை மனிதர்கள் மிகப் பழங்காலத்திலேயே கவனித்துள்ளனர் என்று கொள்ள இடமுண்டு.

'சௌவின் கெல்டியர்களின் புத்தாண்டு' என்று அடிக்கடி கூறப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ரீஸ் என்ற வேல்ஸ் அறிஞர் பரப்பிய கருத்து இது. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், இக்கருத்துக்கு உறுதியான பழஞ்சான்று இல்லை என்று எடுத்துக்காட்டினார்.

கிறிஸ்தவ நாட்காட்டியிலும் இந்த நாட்கள் மறைந்தோருக்கு உரியவை. நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா என்பது 9ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நினைவு நாள். தமிழகத்தில் கல்லறைகளுக்கு மலர் சூட்டி மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இந்த நவம்பர் 2தான்.

அட்டைகளுக்கு முன்பே இருந்த குறி பார்க்கும் வழக்கம்

சௌவின் இரவில் வருங்காலம் அறிய முயல்வது புதிதன்று. ஆனால் அதற்குப் பயன்பட்டவை வீட்டில் இருந்த எளிய பொருள்கள். காதலர் இருவரின் பெயரில் இரண்டு ஹேசல் கொட்டைகளை அடுப்பங்கரையில் வைப்பர். அவை சேர்ந்து அமைதியாக எரிந்தால் நல்வாழ்வு. ஒன்று வெடித்து விலகினால் பிரிவு. ஆப்பிள் தோலை ஒரே நீளமாகச் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த வடிவத்தில் வருங்காலத் துணையின் பெயரின் முதலெழுத்தைத் தேடுவர். 'பார்ம்பிராக்' எனப்படும் உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம் ஒன்றை மறைத்து வைப்பர். அது எவருடைய துண்டில் கிடைக்கிறதோ அவருக்கு விரைவில் திருமணம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785ஆம் ஆண்டு எழுதிய 'ஹாலோவீன்' கவிதை இத்தகைய வழக்கங்கள் பலவற்றைப் பதிவு செய்துள்ளது.

இவை பெரும்பாலும் கூடியிருந்து சிரித்து விளையாடிய விளையாட்டுகள். யாருக்குத் திருமணம், யார் ஊரைவிட்டுச் செல்வர், அடுத்த ஆண்டு யார் இருக்கமாட்டார் என்ற கவலைகள் அவற்றின் அடியில் இருந்தன. இப்பதிவுகள் எதிலும் டாரட் அட்டை இல்லை.

டாரட்: சீட்டாட்டமாகப் பிறந்தது

சீட்டுக்கட்டுகள் 1370களில் இஸ்லாமிய உலகிலிருந்து ஐரோப்பாவை அடைந்தன. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கு இத்தாலியில் மிலன், ஃபெராரா போன்ற அரசவைகளில், வழக்கமான நான்கு வகைச் சீட்டுகளுடன் படம் வரைந்த 22 துருப்புச் சீட்டுகள் சேர்க்கப்பட்டன. இதுவே டாரட். மிலனின் ஆளும் குடும்பத்துக்காகத் தங்கப்பூச்சுடன் வரையப்பட்ட ஒரு கட்டின் 35 அட்டைகள் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அது ஆடி மகிழ்வதற்கான கட்டு. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் டாரட் சீட்டாட்டம் இன்றும் பொழுதுபோக்காக ஆடப்படுகிறது.

அட்டைகளுக்கு மறைபொருள் ஏற்றப்பட்டது சுமார் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. 1781ஆம் ஆண்டு அந்துவான் கூர் தெ ஜெபலன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், டாரட் பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் ஞானநூல் என்று அறிவித்தார். எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் திறவுகோலை ஷாம்பொலியோன் கண்டறிந்தது 1822ஆம் ஆண்டுதான். அதாவது, எகிப்திய மொழியை எவராலும் படிக்க இயலாத காலத்தில் கூறப்பட்ட கூற்று அது. சில ஆண்டுகளில் பாரிஸைச் சேர்ந்த அலியெட் என்பவர் தம் பெயரைத் தலைகீழாக்கி 'எட்டெய்யா' என வைத்துக்கொண்டு, டாரட் பலன் கூறுவதைத் தொழிலாக நடத்தினார். 1785ஆம் ஆண்டு அதற்கான வழிகாட்டி நூலையும் வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவியலாளர் மைக்கேல் டம்மெட் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான ஆய்வு நூல் இந்த வரலாற்றை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

இன்று உலகெங்கும் அதிகம் அறியப்படும் டாரட் கட்டு 1909ஆம் ஆண்டு லண்டனில் வெளியானது. அதற்குத் திட்டம் வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் சிறிய எண் அட்டைகளில் கோப்பை, வாள், கோல், நாணயம் ஆகிய குறிகள் மட்டுமே இருக்கும். ஸ்மித் அவை ஒவ்வொன்றையும் மனிதர்கள் உலவும் காட்சியாக மாற்றினார். படத்தைப் பார்த்துத் தம் வாழ்வை நினைக்கும் இன்றைய வாசிப்பு முறைக்கு அடித்தளம் இட்டவர் அவரே. ஆயினும் அந்தக் கட்டு நெடுங்காலம் பதிப்பகத்தின் பெயராலும் வெய்ட்டின் பெயராலும் மட்டுமே அழைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டு கார்ன்வாலில் ஸ்மித் வறுமையில் காலமானார்.

இரண்டும் எப்போது இணைந்தன?

பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு ஜெரால்ட் கார்ட்னர் வெளியிட்ட நூலின் வழியே 'விக்கா' என்னும் புதிய இயற்கை வழிபாட்டு மரபு வெளியுலகுக்கு அறிமுகமானது. ஆண்டை எட்டு விழாக்களாகப் பகுக்கும் 'ஆண்டுச் சக்கரம்' அதே பத்தாண்டில் உருப்பெற்றது. அதில் சௌவின் முன்னோரை நினைக்கும் விழாவாக இடம்பெற்றது. பருவத்தையே அடிப்படையாகக் கொண்ட விழா என்பதால், ஆஸ்திரேலியாவில் இம்மரபினர் பலர் இதனை ஏப்ரல் இறுதியில், அவர்களின் குளிர்காலத்துக்கு முன்னர் கொண்டாடுகின்றனர்.

1970களில் அமெரிக்காவில் வெய்ட்-ஸ்மித் கட்டு பெருமளவில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டு ரேச்சல் பொல்லாக்கும், 1984ஆம் ஆண்டு மேரி கே. கிரீரும் எழுதிய நூல்கள், அட்டைகளைத் தன்னை அறியும் கருவியாக அணுகும் முறையைப் பரவலாக்கின. இந்த ஓடைகள் ஒன்றுகூடிய இடத்தில்தான் இன்றைய சௌவின் டாரட் வழக்கம் பிறந்தது. 'கெல்டிக் குறுக்கு' எனப்படும் 10 அட்டை அமைப்பும் பெயரளவில்தான் பழையது. அதனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது வெய்ட்டின் நூல்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நடத்திய கருத்தாய்வில், அந்நாட்டில் வயதுவந்தோரில் 30 சதவீதத்தினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜோதிடம், டாரட், குறி சொல்வோர் ஆகியவற்றில் ஒன்றை நாடுவதாகத் தெரிவித்தனர். டாரட்டை நாடுவோர் மட்டும் 11 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் வேடிக்கைக்காகவே அவ்வாறு செய்வதாகக் கூறினர்.

அந்த இரவில் என்ன செய்கின்றனர்?

பொதுவாக வீட்டின் ஒரு மூலையில் சிறு மேடை அமைக்கப்படுகிறது. அதில் மறைந்தவரின் படம், அவர் பயன்படுத்திய ஒரு பொருள், ஆப்பிள், மெழுகுவர்த்தி ஆகியவை வைக்கப்படும். சிலர் மேசையில் மறைந்தவருக்கும் ஒரு தட்டு வைத்து, பேசாமல் இரவுணவு உண்கின்றனர். அதன் பின்னர் மூன்று அல்லது ஐந்து அட்டைகள் எடுக்கப்படும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி உண்டு: கடந்த ஆண்டு எதை முடித்தது, எதை விட்டுவிட வேண்டும், முன்னோரிடமிருந்து பெற்றவற்றில் எதைக் காக்க வேண்டும், வரும் இருண்ட மாதங்களுக்கு என்ன தேவை. விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுவோர் பலர்.

கோப்பைகளின் ஐந்தாம் அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரிய போர்வை போர்த்திய ஒருவர் தலை கவிழ்ந்து நிற்கிறார். அவர் முன்னே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவர் பின்னே, அவர் காணாத இடத்தில், இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. தொலைவில் ஆற்றைக் கடக்க ஒரு பாலமும், அப்பால் ஒரு வீடும் உள்ளன. தந்தையை இழந்த ஒருவருக்கு இந்தப் படம் எந்தச் செய்தியையும் கொண்டுவரவில்லை. ஆனால் 'கவிழ்ந்தவை எவை, நிற்பவை எவை' என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஓர் இடம் தருகிறது.

மரண அட்டை வந்தால்?

புதியவர்கள் அதிகம் அஞ்சுவது 13ஆம் எண் கொண்ட மரண அட்டைக்கு. கவசம் அணிந்த எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் வருகிறது. அதன் கையில் வெள்ளை ரோஜா பொறித்த கருங்கொடி. அரசன் வீழ்ந்து கிடக்க, குழந்தை ஒன்று மண்டியிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கு இடையே சூரியன். டாரட் வாசிப்போர் இதனை ஒரு கட்டத்தின் முடிவு, மாற்றம் என்றே பொருள் கொள்கின்றனர்; உயிரிழப்பு என்று கொள்வதில்லை.

கணக்கும் அச்சத்தைத் தணிக்கும். 78 அட்டைகளில் மூன்றை எடுத்தால் மரண அட்டை வருவதற்கான வாய்ப்பு 26இல் 1. பத்து அட்டை அமைப்பில் ஏறத்தாழ 8இல் 1. அந்த இரவில் 800 பேர் பத்து அட்டைகள் எடுத்தால், சுமார் 100 பேருக்கு அது வரவே செய்யும். அட்டை அவர்களில் எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

'எனக்காகவே சொன்னதுபோல்' தோன்றுவது ஏன்?

1948ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதித் தந்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடுமாறு கேட்டார். சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே வாசகம். அதன் வரிகள் கடையில் விற்ற ஒரு ஜோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. எவருக்கும் பொருந்தக்கூடிய பொதுவான வரிகளை, அவை தமக்கென்றே கூறப்பட்டவை என்று நம்பும்போது, மனம் தன் வாழ்விலிருந்து சான்றுகளைத் தேடி நிரப்பிக்கொள்கிறது.

டாரட் வேலை செய்யும் விதமும் இதுவே. எதிர்காலத்தை முன்னறிவதாகக் கூறுவோருக்கு இது பலவீனம். தன்னை நோக்கிச் சிந்திப்போருக்கோ இதுவே பயன். ஏனெனில், மனம் எதைத் தேடி நிரப்புகிறது என்பது அம்மனத்தைப் பற்றிய உண்மையான தகவல்.

துயரத்துக்கு இது உதவுமா?

துயரில் இருப்போர் மறைந்தவருடனான பிணைப்பை அறுத்துக்கொண்டு முன்செல்ல வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கத்திய உளவியல் கருதியது. டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 1996ஆம் ஆண்டு தொகுத்த நூல் இதனை மறுபரிசீலனை செய்தது. நினைவு, பேச்சு, சடங்கு ஆகியவற்றின் வழியே பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்பதே அதன் வாதம். ஆண்டுக்கு ஒரு நாள் மறைந்தவருக்குத் தட்டு வைப்பதும், அவர் படத்தின் முன் அமர்ந்து எழுதுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

எழுதுவதன் பயனையும் ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். 1986ஆம் ஆண்டு ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் தம்மை வருத்திய நிகழ்வைப் பற்றி எழுதினர். நிகழ்வையும் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரை நாடுவது குறைந்திருந்தது. இப்பயன் அனைவருக்கும் ஒரே அளவில் கிடைப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டவில்லை. ஆயினும் அட்டையைவிட, அதன் அருகே திறந்திருக்கும் குறிப்பேடே அதிக வேலை செய்யக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

ஆபத்து எங்கே?

இறந்த மகன் என்ன சொல்கிறான் என்று அறிய ஏங்கும் தாயிடம், 'அவன் இங்கே நிற்கிறான். இன்னும் ஓர் அமர்வுக்குக் கட்டணம் செலுத்துங்கள்' என்று ஒருவர் கூறும்போது சிந்தனை முடிந்து வணிகம் தொடங்குகிறது. பல நாடுகளின் சட்டங்கள் இதனைக் கவனித்துள்ளன. நியூயார்க் மாநிலத்தில், கட்டணம் பெற்று எதிர்காலம் கூறுவதாகவோ சாபம் நீக்குவதாகவோ உரிமை கோருவது குற்றம். கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டின் போலி ஆவித் தொடர்பாளர் தடைச் சட்டம் 2008ஆம் ஆண்டு நீக்கப்பட்டு, இத்தொழில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் கீழ் கொண்டுவரப்பட்டது. தொலைபேசி வழியே 'இலவச' டாரட் பலன் என விளம்பரம் செய்து பெருந்தொகை வசூலித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் சுமார் 50 கோடி டாலர் மதிப்பிலான நிலுவைக் கட்டணங்களைக் கைவிட்டு, 50 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டதாக 2002ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அறிவித்தது.

சமய நோக்கிலும் எதிர்ப்பு உண்டு. எல்லா வகையான குறி பார்த்தலையும் கைவிட வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அதே திருச்சபை நவம்பர் மாதம் முழுவதையும் மறைந்தோருக்கான வேண்டுதலுக்கு ஒதுக்குகிறது. மறைந்தோரை நினைப்பதற்கு அட்டை கட்டாயமன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

நினைவில் கொள்ள வேண்டியவை

இந்தியச் செய்தித் தளங்களிலும் செயலிகளிலும் வாராந்திர டாரட் பலன்கள் இடம்பெறும் இக்காலத்தில், இந்த வேறுபாடு இங்குள்ள வாசகர்களுக்கும் பொருந்தும். 'என்ன நடக்கும்?' என்ற கேள்விக்கு அட்டையிடம் விடை இல்லை. 'நான் எதை எண்ணி வருந்துகிறேன்?', 'யாரிடம் பேசாமல் விட்டேன்?' என்ற கேள்விகளுக்கு விடை கேட்பவரிடமே உண்டு. அட்டை அதனை வெளியே எடுக்க உதவலாம். நோய், திருமணம், முதலீடு, வழக்கு ஆகியவற்றின் முடிவுகளை மருத்துவர், குடும்பத்தார், துறை அறிந்தோர் ஆகியோரிடம் கலந்தே எடுக்க வேண்டும். அச்சமூட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவரிடமிருந்து உடனே விலகுவது நல்லது.

துயரம் பல வாரங்கள் கடந்தும் உறக்கத்தையும் உணவையும் பறித்தால், அது தனியே அமர்ந்து சிந்தித்துத் தீர்க்கும் நிலையைக் கடந்துவிட்டது என்று பொருள். இந்தியாவில் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை 14416 என்ற இலக்கத்தில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.